டாம் எத்தனை, எங்கே, எந்த உயரத்தில்?

2025 மே 4, குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

புதுசாக டிரம்ஸ் கிட் வாங்கியிருக்கிறேன். மேலே 12, 13 அங்குல டாம் இரண்டு (குச்சியால் அடித்து உருட்டும் மேளம்), தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 16, காலால் அடிக்கும் பேஸ் டிரம் 22. இன்னும் இரண்டு டாம் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். மேடையில் பார்க்க நிறைவாக இருக்கும். பழைய ஆட்கள் மேலே ஒரே ஒரு டாம் வைத்து வாசித்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் சாமான் கிடைக்கவில்லை, காசும் இல்லை, அதுதான் காரணம். கிடைத்திருந்தால் அவர்களும் ஏழெட்டு வைத்திருப்பார்கள். எப்படி வரிசைப்படுத்துவது, எவ்வளவு சாய்ப்பது என்று மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

குடியாத்தம் நண்பரே, வரிசைக்கும் சாய்வுக்கும் நாளை வருகிறேன். அந்த "கிடைக்கவில்லை, காசில்லை" என்பதை இன்றைக்கே பேசிவிட வேண்டும், மனசு கேட்கவில்லை.

அமெரிக்க ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் 1987இல் இறந்தார். பேஸ் 24, மேலே ஒரு 13, தரையில் இரண்டு 16. கடைசிவரை ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் வைத்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தக் கம்பெனியும் லாரி நிறைய டாம் அனுப்பியிருக்கும். லெட் செப்பலின் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாம் வைத்திருந்த பேஸ் 26 அங்குலம். அதற்கு மேல் ஒரே ஒரு 14, தரையில் 16, 18. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ் 1957இல் செய்த ஒரு கிரெட்ச் கம்பெனி கிட்டை வைத்துக்கொண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்ற கணக்கில், உலகத்தின் பெரிய மைதானங்களில் எல்லாம் வாசித்தார். 2021 ஆகஸ்டில் 80 வயதில் போய்ச்சேரும்வரை அவருக்கு இன்னொரு டாம் தேவைப்படவில்லை. இவர்களில் யாருக்குக் காசு இல்லை?

நம் பக்கம் கிடைக்காமல் வாசித்தவர்கள் உண்டு, அதை மறுக்க மாட்டேன். எனக்குக் கை பிடித்துக் கற்றுக்கொடுத்த காட்பாடி அண்ணன் ரயில்வே வேலை முடிந்து வந்துதான் கச்சேரிக்குக் கிளம்புவார். அவர் கிட்டில் இரண்டாவது டாமின் கிளாம்ப் உடைந்து, மாற்று சாமான் வராமல் கிடந்தது. ஒரு ஃப்ளோர் டாமிலேயே மூன்று சத்தம் எடுப்பார். நடுவில் அடித்தால் ஒன்று, விளிம்பு ஓரம் இன்னொன்று, இடது முழங்கையைத் தோல்மேல் அழுத்தி வலது கையால் அடித்தால் சுருதி ஏறி மூன்றாவது. பிறகு கிளாம்ப் கிடைத்தது. அவர் அதை மாட்டவில்லை. "அந்த இடத்துல இப்ப ரைடு உட்கார்ந்திருக்குடா, அத எதுக்குக் கிளப்பணும்" என்றார். ரைடு என்பது தாளம் ஓட்டும் பெரிய தட்டு.

மே 5, காலை

சரி, அடுக்கும் முறை. நம் ஆட்கள் பெரும்பாலும் பேஸ் டிரம்மை வைத்து, அதன்மேல் இரண்டு டாமை மாட்டி, சுற்றிலும் ஸ்டாண்டுகளை நிறுத்திவிட்டு, கடைசியில் மிச்சமிருக்கும் இடத்தில் ஸ்டூலைச் சொருகுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

வெறும் தரையில் ஸ்டூலை மட்டும் போடுங்கள். உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்கட்டும், தொடை லேசாக முன்பக்கம் சரியட்டும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் அவை விழும் இடத்தில் வையுங்கள். யாருக்கும் இரண்டு காலும் நேராக முன்னால் விழாது, வெளிப்பக்கம் விரியும். வலது பாதம் விழுந்த இடத்தில், பாதம் பார்த்த திசையிலேயே, பேஸைக் காலால் அடிக்கும் கிக் பெடல். இடது பாதம் விழுந்த இடத்தில் ஹை ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு. இரண்டு தொடைக்கும் நடுவில் ஸ்நேர் (அடியில் கம்பி கட்டிய டிரம்), தொடையைவிட இரண்டு மூன்று விரல்கடை உயரத்தில். குச்சியை இறக்கினால் முழங்கையை இடுப்பிலிருந்து பிரிக்காமலேயே தோலின் நடுவில் விழ வேண்டும்.

இதில் ஒரு விஷயம் கவனிப்பீர்கள். பெடல் கொஞ்சம் வலதுபக்கம் திரும்பியிருப்பதால் பேஸ் டிரம்மும் அப்படியே திரும்பும். மேடைக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அது கோணலாகத் தெரியும். தெரியட்டும். அவர்களுக்காக நேராக்கினால் உங்கள் இடுப்பு முறுக்கிக்கொள்ளும், இரண்டு மணி நேரக் கச்சேரியில் முதுகு சொல்லிவிடும்.

இப்போதுதான் டாம். முதல் டாம் ஸ்நேருக்கு நேர் முன்னால். ஸ்நேரிலிருந்து குச்சியை முன்னே நீட்டினால் தோளைத் தூக்காமல் போய்ச்சேர வேண்டும். டாமின் விளிம்பு ஸ்நேரின் விளிம்பைவிட ஒரு கையளவு மேலே இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் தோள்பட்டை வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஃப்ளோர் டாம் வலது தொடைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஸ்நேர் உயரத்தில். வலது கைக்காரருக்குச் சின்னதிலிருந்து பெரியதுக்கு இடமிருந்து வலமாகப் போகும்.

மே 5, மதியம்

சாய்வு கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன்.

குச்சியின் நுனி தோலில் குத்தக் கூடாது, விளிம்பும் குச்சியில் இடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில்தான் சாய்வு. டாமை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் நுனி செங்குத்தாக இறங்கும், தோலில் குழி விழும். பழைய தோல் கைவசம் இருந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குழிகள் ஒரே இடத்தில் கூட்டமாக ஆழமாக இருந்தால் சாய்வு அதிகம் என்று அர்த்தம். குச்சி தட்டையாக விழுந்த தோலில் குழி இருக்காது, பூச்சு மட்டும் தேய்ந்திருக்கும்.

மே 8

ஆம்பூரிலிருந்து ஒருவர் நியாயமாகக் கேட்கிறார்: "நீங்கள் சொல்கிற உயரத்துக்கு 22 பேஸ்மேல் 12, 13 இறங்கவே இறங்காது. பேஸ் தடுக்கிறது. என்ன செய்ய?"

இது உண்மையான சிக்கல். பேஸ் 22 என்றால் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அதற்கு மேல் ஆழமான டாம் வைத்தால் தோலின் முகம் நெஞ்சுக்கு வந்துவிடும். எட்டாத உயரத்துக்கு எல்லாரும் கண்டுபிடிக்கும் வழி டாமை முகத்தைப் பார்க்கச் சாய்ப்பது. தோல் குழிவிழுவதன் ஆரம்பம் அங்கேதான்.

என் அண்ணன் மகள் வாசிக்க உட்கார்ந்தபோது இதை நேரில் பார்த்தேன். குள்ளமான பெண், கையும் சின்னது. சபையில் இருந்த கிட் யாரோ ஆறடி ஆளுக்கு அடுக்கியது. ஒவ்வொரு ரோலுக்கும் (டாம் டாமாக உருட்டி அடிப்பது) அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "பொண்ணுக்கு பலம் பத்தல" என்று பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். நான் 13ஐக் கழற்றினேன். 12ஐ பேஸ்மேலிருந்து எடுத்து ஒரு ஸ்நேர் ஸ்டாண்டில் வைத்து, பேஸின் இடது ஓரமாக, ஸ்நேருக்கு நேர் முன்னால் இறக்கினேன். காலியான இடத்துக்கு ரைடை நகர்த்தினேன். அதே பெண், அதே பாட்டு. அடுத்த வாரம் பின்னால் பேசியவர்களில் ஒருவர் வந்து "மைக்க மாத்துனீங்களா" என்று கேட்டார்.

ஸ்நேர் ஸ்டாண்ட் வழி எல்லாருக்கும் சரிப்படும். ஒரு எச்சரிக்கை: ஸ்டாண்டின் மூன்று கையையும் இறுக்கிப் பிடிக்க விடாதீர்கள். கீழ் வளையத்தை நெரித்தால் டாம் அதிர முடியாமல் அட்டைப்பெட்டி மாதிரி கேட்கும். தாங்கினால் போதும்.

மே 8, இரவு

ஆரணி நண்பர் சேர்க்கச் சொன்னது: டாமின் உடம்பில் ஓட்டை போட்டுக் கம்பியை உள்ளே விடும் பழைய மாட்டலைவிட, வளையத்தைச் சுற்றிப் பிடித்துத் தொங்கவிடும் மாட்டலில் சத்தம் நீளமாக நிற்கும். சரியான பேச்சு. ஆனால் நம் திறந்தவெளி மேடைகளில், ஜெனரேட்டர் ஒரு பக்கம், பட்டாசு ஒரு பக்கம் இருக்கும்போது அவ்வளவு நீளமான சத்தம் வேண்டுமா என்பது வேறு கேள்வி. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் சத்தத்தைச் சுருக்குவதற்காகத் தோல்மேல் துண்டு போட்டு வாசித்துப் பதிவு செய்தவர்.

மே 11

"டாம் என்பது கிட்டில் எப்போது வந்தது" என்று யாரோ இரண்டு வரியில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பிடித்த கதை இது, கொஞ்சம் நீளும்.

வேலூரில் கல்யாண ஊர்வலத்துக்கும் சாவுக்கும் வரும் பேண்டு செட்டைப் பாருங்கள். பெரிய டிரம்முக்கு ஒரு ஆள், சைடு டிரம்முக்கு ஒரு ஆள், ஜால்ராவுக்கு ஒரு ஆள். அமெரிக்காவிலும் தொடக்கம் இதுதான். தெருவில் நடந்த பேண்டு, நாடகக் கொட்டகைக்கும் நடன அரங்குக்கும் உள்ளே வந்தபோது மூன்று ஆளுக்கு இடமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரே ஆளை உட்காரவைத்து எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தார்கள். பெரிய டிரம்மைக் காலால் அடிக்க நல்ல பெடல் வேண்டியிருந்தது. லட்விக் சகோதரர்கள் 1909இல் கம்பெனி தொடங்கியதே அந்தப் பெடலை வைத்துத்தான்.

டாம் அதற்குள் வந்தது சீனாவிலிருந்து. அமெரிக்கத் துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்களின் மேளங்கள், படம் வரைந்த தோலை ஆணியடித்துப் பொருத்தியவை. பேஸ் டிரம்மின் விளிம்பில் அவற்றைத் தொங்கவிட்டார்கள். ஆணியடித்த தோல் என்பதால் சுருதி கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. 1930களில் ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூபா இதை ஏற்கவில்லை. ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியிடம் சொல்லி, மேலும் கீழும் இரண்டு தோலையும் சாவியால் முறுக்கிச் சுருதி சேர்க்கக்கூடிய டாம்களைச் செய்ய வைத்தார். 1938 ஜனவரி 16ஆம் தேதி பென்னி குட்மன் குழுவோடு கார்னகி ஹாலில் வாசித்தபோது அவர் டாமில் உருட்டிய உருட்டலைப் பதிவில் இன்றைக்கும் கேட்கலாம். மேலே ஒன்று, கீழே ஒன்று அல்லது இரண்டு என்ற அமைப்பு அவர் காலத்தில் நிலைத்தது. பட்டி ரிச் வைத்திருந்ததும் அந்தப் பரம்பரைதான்.

குடியாத்தம் நண்பரே, உங்களிடம் இருக்கும் அந்த முறுக்குச் சாவி ஒரு டிரம்மர் அடம்பிடித்ததால் டாமுக்கு வந்தது. அதைப் பயன்படுத்துங்கள். கடையிலிருந்து வந்த சுருதியிலேயே வாசிக்கும் ஆட்கள் நம் ஊரில் அதிகம்.

மே 16

நேற்று வைகாசி ஒன்று, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வருஷா வருஷம் போவேன், பாதி பக்தி, பாதி பம்பை கேட்க.

இந்த இழையில் எழுதிக்கொண்டிருப்பதாலோ என்னவோ, இந்தத் தடவை கண் பம்பைக்காரரின் இடுப்பிலேயே நின்றது. இரண்டு உருளை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கும். கீழே மரம், மேலே வெண்கலம். இரண்டுக்கும் இரண்டு பக்கமும் தோல். ஆக நான்கு முகம், நான்கு சத்தம். அவ்வளவு கூட்டத்தில், அந்த நெரிசலில், ஆடிக்கொண்டும் பின்னால் நடந்துகொண்டும் வாசிக்கிறார், ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. அவருடைய இடுப்பில் அவருடைய கை எங்கே தொங்குமோ அங்கே கட்டியிருக்கிறார். கூட இருந்த பையனுக்குக் கட்டு இன்னும் இரண்டு விரல் மேலே இருந்தது, அவன் கை குட்டை.

சமையலில் கைதேர்ந்தவர்கள் அஞ்சறைப்பெட்டியைப் பார்க்காமல் கடுகு எடுப்பதுபோல டாமுக்குக் கை போக வேண்டும் என்று காட்பாடி அண்ணன் சொல்வார். பம்பைக்காரர் அதற்கும் மேலே. பெட்டியையே உடம்பில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மே 17

"பம்பையும் டிரம்ஸும் ஒன்றா" என்று கோபமாக ஒருவர். ஒன்று என்று நான் சொல்லவில்லை. வாத்தியத்தை உடம்புக்கு ஏற்றபடி வைக்கும் அறிவு இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தேடி யூடியூப் முழுக்க அலைய வேண்டாம் என்றுதான் சொன்னேன். பழைய வட ஆற்காடு முழுக்க, ஆரணியிலும் போளூரிலும் திருவண்ணாமலைப் பக்கமும், பம்பை வாசிக்கும் வயசானவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். முழங்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மே 23

இடது கைக்காரர்கள் விஷயம். ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். பையனுக்குப் பன்னிரண்டு வயது, இடது கை. சொல்லித்தருபவர் வலது கையால்தான் வாசிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறாராம்.

ஐயா, கட்டாயம் வேண்டாம். மூன்று வழி இருக்கிறது, மூன்றிலும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் வழி, கிட்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போடுவது. ஃபில் காலின்ஸ் அப்படி. ஹை ஹாட் வலதுபக்கம், ஃப்ளோர் டாம் இடதுபக்கம். அவருடைய டாம்களில் பல கீழ்த்தோல் இல்லாதவை. அதனால்தான் அந்த நறுக்கென்ற வெடிச்சத்தம். வீட்டில் சொந்தக் கிட் இருந்தால் இந்த வழி சுகம். சபையிலும் மேடையிலும் பொதுக் கிட்டில் வாசிக்கிற பையனுக்குக் கஷ்டம், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பிரித்து மாட்ட வேண்டும், அடுத்த ஆள் முறைப்பார்.

இரண்டாவது, கிட் அப்படியே இருக்க, வலது கையை இடதுபக்கம் குறுக்கே போடாமல் இடது கையாலேயே ஹை ஹாட் வாசிப்பது. பில்லி காபம், சைமன் ஃபிலிப்ஸ் இருவரும் அப்படித்தான். கை குறுக்கே போகாததால் ஹை ஹாட்டை நன்றாகத் தாழ்த்தலாம், ரைடை இடதுபக்கமே வைத்துக்கொள்ளலாம், வலது கை டாம்களுக்குச் சுதந்திரமாகப் போகும். உங்கள் பையனுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது ரிங்கோ. இடது கைக்காரர், வலது கைக் கிட்டில் அப்படியே உட்கார்ந்தார். டாம் டாமாக உருட்டிக்கொண்டு போகும்போது முன்னே போக வேண்டிய கை பின்னாலிருந்து கிளம்புகிறது. அந்தத் தடையில் சுற்றி வளைத்து அவர் போட்ட ரோல்கள் யாருக்கும் வராத வடிவத்தில் வந்தன. வலது கைக்காரர்கள் அதை அச்சாக வாசிக்க இன்றுவரை திணறுகிறார்கள். வேகமாக உருட்டத் தெரியாதவர் என்று அவரைச் சிலர் குறைவாகப் பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆறாது. பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்த மனுஷன்.

ஜூன் 2

இத்தனை நாள் "குறைவாக வையுங்கள்" என்று ஒரே பக்கம் பேசிக்கொண்டு வந்தேன். இன்று ஒரு கச்சேரி ஒத்திகையில் வேறு நினைப்பு வந்தது, அதையும் எழுதுகிறேன்.

நம் மெல்லிசை மேடையில் மக்கள் கேட்பது சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டுகளில் பல இடங்களில் ரோல் என்பது மெட்டின் ஒரு பகுதி. சரணம் முடிந்து பல்லவிக்கு இறங்கும் இடத்தில் மூன்று படியாக இறங்கினால்தான் கேட்பவர் மனசு பல்லவிக்குத் தயாராகும். அங்கே இரண்டு டாமை வைத்துக்கொண்டு ஒரு படியைத் தாண்டினால், சாதாரண ரசிகருக்குக்கூட ஏதோ விட்டுப்போனது தெரிகிறது. இளையராஜா குழுவில் பல்லாண்டு டிரம்ஸ் வாசித்து, குழுவை நடத்துபவராகவும் இருந்த புருஷோத்தமன் அவர்களின் வாசிப்பை ஹெட்போனில் கேளுங்கள். ரோல் எங்கே தொடங்குகிறது என்பதைவிட, எந்த டாமில் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். பாடகரின் மூச்சுக்கு இடம் விட்டு, அடுத்த வரியின் முதல் எழுத்துக்கு வழிவிட்டு முடியும். 2020 மே மாதம் அவர் மறைந்தபோது ஊரடங்கு. நேரில் போய் நிற்கவும் வழியில்லை. அன்று இரவு முழுக்க அவர் வாசித்த பாட்டுகளையே போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் சினிமாப் பாட்டு வாசிக்கும் கிட்டுக்கு மூன்று டாம் நியாயம்தான். எத்தனை டாம் என்பதைப் பாட்டு முடிவு செய்யட்டும். ஆனால் மூன்றும் தெளிவாக மூன்று சுருதியில் இருக்க வேண்டும். 12, 13 இரண்டுக்கும் ஒரே அங்குல வித்தியாசம், கவனிக்காமல் விட்டால் இரண்டும் ஒரே குரலில் பேசும். அதற்குப் பதில் 10, 12, 14 என்று போனால் இடைவெளி சீராக வரும், டாமும் சின்னது, தாழ்த்தி வைக்கலாம். ஏற்கெனவே 12, 13 வாங்கிவிட்ட குடியாத்தம் நண்பர் 12ஐ நன்றாக ஏற்றி, 13ஐ இறக்கி வைத்தால் போதும்.

ஜூன் 3

எலக்ட்ரானிக் பேட் வைத்தால் டாமே வேண்டாமே என்கிறார் திருப்பத்தூர் நண்பர். 1985இல் ரோலண்ட் ஆக்டபேட் வந்ததிலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது. பேட் நல்ல கருவி, ஒரே காரில் எல்லாம் போய்விடும், சின்ன மண்டபத்துக்குப் பொருத்தம். ஆனால் அடித்த தோல் கைக்குத் திருப்பிக் கொடுக்கும் அந்தத் துள்ளல் பேடில் வேறு மாதிரி. டாமில் பழகிய கை பேடுக்குப் போய்விடும். பேடில் மட்டும் பழகிய கை டாமில் திணறுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜூன் 14

"குறைவாக வைத்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், சிவமணி?" எதிர்பார்த்த கேள்வி.

சிவமணியைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். சுற்றிலும் டாம், அதற்கு வெளியே காங்கோ, அதற்கு வெளியே தட்டு, மணி, தண்ணீர் கேன். சேப்பாக்கத்தில் சென்னை அணி விளையாடும்போது அவர் வாசித்ததைக் கூட்டத்தோடு நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தந்தை எஸ்.எம். ஆனந்தனும் தாள வாத்தியக்காரர். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வீடு. அவர் மேடையில் எத்தனை சாமான் இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: நடுவில் அவர் நிற்கும் அல்லது உட்காரும் இடத்திலிருந்து அடிக்கடி தேவைப்படுவது கைக்கு அருகே, எப்போதாவது தேவைப்படுவது தூரத்தில். கூட்டமாகத் தெரிவது வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத்தான்.

யெஸ், கிங் கிரிம்சன் குழுக்களில் வாசித்த பில் ப்ரூஃபோர்ட் இன்னொரு வகை. ஹை ஹாட்டை நடுவில் நேர் முன்னால் வைத்து, டாம்களை இரண்டு பக்கமும் சமமாக, சாய்வே இல்லாமல் தட்டையாக வைத்து வாசித்தார். இரண்டு கைக்கும் சம வேலை வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு அதற்கு ஏற்ப அடுக்கியது. பார்த்து அப்படியே செய்யச் சொல்லவில்லை. காரணம் இருந்தால் வரிசையைக்கூட மாற்றலாம் என்பதற்குச் சொல்கிறேன்.

இவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமான கதை ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட். 360 பாகையும் சுற்றி டிரம் வைத்தவர், உலகமே அண்ணாந்து பார்த்தவர். 1994இல் பட்டி ரிச்சுக்கு அஞ்சலியாக ஒரு பதிவுக்குப் பல டிரம்மர்களைக் கூட்டினார். அங்கே ஸ்டீவ் ஸ்மித் வாசித்ததைப் பார்த்து அசந்துபோனார். முன்னைவிட இவ்வளவு தேறியது எப்படி என்று விசாரித்தார். ஃப்ரெடி க்ரூபர் என்ற முதிய ஆசானிடம் படித்தது தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய பியர்ட் அந்தக் க்ரூபரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். குச்சி பிடிப்பதையே மாற்றிக்கொண்டு முதலிலிருந்து பழகினார். பல வருஷம் கழித்து ஜாஸ் டிரம்மர் பீட்டர் எர்ஸ்கினிடமும் போய்ப் படித்தார். 2020 ஜனவரியில் இறந்துவிட்டார். நம் ஊரில் நாலு கச்சேரி வாசித்தவரிடம் "ஸ்டூலை ஒரு அங்குலம் ஏற்றிப் பாருங்கள்" என்று சொல்லவே பயமாக இருக்கிறது.

ஜூன் 29

டாமை அடித்தால் ஸ்நேர் கம்பி சேர்ந்து கரகரக்கிறது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஒரே பதிலாக எழுதுகிறேன்.

டாமின் சுருதியும் ஸ்நேரின் சுருதியும் நெருங்கிவிட்டால் ஒன்றின் அதிர்வு மற்றதை எழுப்பும். ஸ்நேர் கம்பியை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், ஸ்நேர் மூச்சடைத்துப்போகும். எந்த டாம் எழுப்புகிறது என்று ஒவ்வொன்றாக அடித்துக் கண்டுபிடித்து, அந்த டாமின் கீழ்த்தோலைக் கால் சுற்று ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கும். முழுக்க ஒழிக்க முடியாது, கொஞ்சம் கரகரப்பு கூட்டத்துக்குக் கேட்காது.

தோல் முறுக்கும்போது எதிரெதிர் திருகாணியாகப் போங்கள், வட்டமாகச் சுற்றி வராதீர்கள். ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் விரலால் தட்டி ஒரே சுருதி கேட்கும்வரை சரிசெய்யுங்கள்.

அப்புறம் வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்குத் தகரக் கூரை மேடையில் சுருதி சேர்த்துவிட்டு ஏழு மணிக்கு வாசிக்க உட்கார்ந்தால் அது வேறு டிரம். கடைசி அரை மணி நேரத்தில் இன்னொரு தடவை சாவியை எடுங்கள். ஆனாலும் நாம் கொடுத்துவைத்தவர்கள். 1957இல் ரீமோ பெல்லி கம்பெனி தொடங்கிப் பிளாஸ்டிக் தோலைப் பரப்புவதற்கு முன்னால் எல்லாம் கன்றுத்தோல். மழைக்காற்று பட்டால் தொய்ந்துவிடும், வெயில் பட்டால் விறைத்துவிடும். வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், தோலுக்கு ஈரம் என்ன செய்யும் என்று அவர்கள் சொல்வார்கள். பறை அடிப்பவர் நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பதும் அதற்காகத்தான்.

ஜூலை 7

இன்று ரிங்கோவுக்கு 85.

1963இல் அவர் வாங்கிய லட்விக் கிட்டின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: பேஸ் 20, மேலே 12, தரையில் 14. ஒரு ஆட்டோவில் போய்விடும். அந்த நான்கு டிரம்மைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு எத்தனை ஆயிரம் பிள்ளைகள் குச்சி எடுத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. படத்தில் பார்த்தால் ஒரு டாம், அதற்கு மேலே அவர் முகமும் இரண்டு கையும் முழுசாகத் தெரியும்.

ஜூலை 10

ஆடி வரப்போகிறது, கூழ் ஊற்றும் கச்சேரிகள் வரிசையாக வரும், ஒரே வாரத்தில் நாலு ஊரில் கிட்டைப் பிரித்து மாட்ட வேண்டியிருக்கும். குடியாத்தம் நண்பர் கேட்டிருக்கிறார்: பாடுபட்டு இடம் கண்டுபிடித்தேன், அடுத்த மேடையில் எப்படி அதே இடத்தில் வைப்பது?

ஒரு பழைய கம்பளம் வாங்குங்கள். வீட்டில் சரியாக அடுக்கிய பிறகு ஸ்டூல் கால், பெடல், ஹை ஹாட் கால், ஃப்ளோர் டாமின் மூன்று கால், எல்லாவற்றையும் சுற்றிக் கம்பளத்தில் டேப் ஒட்டிக் குறியுங்கள். ஸ்டூலுக்கு ஒரு நிறம், டாமுக்கு வேறு நிறம். டாம் கம்பியில் மெமரி லாக் என்று ஒரு சின்ன வளையம் வரும், உயரத்தையும் திருப்பத்தையும் அது பிடித்துக்கொள்ளும். அது இல்லாத கிட் என்றால் கம்பியில் பெயிண்ட் கோடு போடுங்கள். பேஸ் முன்னே நகர்ந்து ஓடினால் கம்பளத்தின் மேல் பேஸுக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை அடித்துவிடுங்கள், செங்கல் வேண்டாம், பெயிண்ட் போய்விடும்.

மேடையில் முதலில் கம்பளம், அடுத்து ஸ்டூல். லைட் போடுகிற தம்பி கிட்டை நேராகத் திருப்பச் சொல்வார். கம்பளத்தோடு சேர்த்துத் திருப்புங்கள், டிரம்மை மட்டும் தொட விடாதீர்கள்.